பென்னிக்கு ஏன் ‘டி’? ஒரு ரோமானியக் காசின் பெயர் போன வழிகள்

இங்கிலாந்தில் 1971 பிப்ரவரி 15 வரை ஒரு பொருளின் விலை ஆறு பென்னி என்றால், கடைக்காரர் 6 என்று எழுதிப் பக்கத்தில் ‘டி’ எழுத்தைப் போடுவார். பென்னி என்ற சொல்லில் ‘டி’ எங்கும் வராது. பவுண்டின் குறியும் அப்படித்தான்: ‘எல்’ எழுத்தின் குறுக்கே ஒரு கோடு, ஆனால் பவுண்டில் ‘எல்’ கிடையாது. ஷில்லிங்குக்குப் போட்ட ‘எஸ்’ மட்டும் பொருந்திப்போனது. அதுவும் ஷில்லிங்கின் ‘எஸ்’ அல்ல. லிப்ரா, சொலிடஸ், டெனாரியஸ் என்ற மூன்று லத்தீன் சொற்களின் முதலெழுத்துகள் அவை. ஜெர்மானியர்கள் ஃபென்னிக் காசுக்குப் போட்டுவந்த சுழித்த குறியும் இதே ‘டி’தான். அமெரிக்காவில் இரும்புக்கடைக்குப் போனால் இன்றும் ஆணியின் நீளத்தைப் ‘பத்து பென்னி’ என்று சொல்லி, 10 போட்டு ‘டி’ எழுதுகிறார்கள்.

டெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு புழக்கத்தை விட்டுப் போய் ஆயிரத்து எழுநூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. பெயர் மட்டும் போகவில்லை. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடமெல்லாம் ஒரே பொருளில் இல்லை என்பதுதான் விஷயம். பிரான்சில் அது செல்லாக்காசுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஸ்பெயினில் பணம் என்பதற்கே அதுதான் சொல். பாக்தாத்தில் பொற்காசு.

தொடக்கத்தில் பொருள் எளிது. லத்தீனில் ‘டேனி’ என்றால் பப்பத்து. ஒவ்வொன்றுக்கும் பத்து என்ற கணக்கு. பத்து ‘ஆஸ்’ பெறுமான காசு டெனாரியஸ். ஆஸ் என்பது ரோமின் வெண்கலக் காசு. கார்த்தேஜ் தளபதி ஹன்னிபல் இத்தாலிக்குள் படையோடு சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், போர்ச் செலவில் ரோமின் பழைய நாணய முறை குலைந்துபோக, கி.மு. 211 வாக்கில் இந்த வெள்ளிக்காசை அறிமுகப்படுத்தினார்கள். அந்த ஆண்டு எப்படித் தெரியும் என்றால், சிசிலித் தீவில் மோர்கான்டினா என்ற ஊரை ரோமானியர் அதே ஆண்டில் அழித்தார்கள். அந்த அழிவு மண்ணடுக்கில் புத்தம் புதிய டெனாரியஸ்கள் கிடைத்தன. காசில் ரோமா தேவியின் தலைக்குப் பின்னால், பெருக்கல் குறி போல இருக்கும் ரோமானியப் பத்து. விலை காசிலேயே அச்சாகியிருந்தது.

பெயருக்கும் பெறுமானத்துக்கும் இருந்த இந்த உறவு ஒரு நூற்றாண்டுகூடத் தாங்கவில்லை. கி.மு. 141 வாக்கில் ஒரு டெனாரியஸுக்கு 16 ஆஸ் என்று மாற்றினார்கள். கொஞ்ச காலம் காசில் பதினாறு என்றுகூடப் பொறித்துப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். பதினாறு பெறும் காசைப் ‘பத்து’ என்றே ஊர் அழைத்தது. காசின் பெயரை யாரும் பிரித்துப் பொருள் பார்ப்பதில்லை.

அகஸ்டஸ் காலத்தில் ஒரு படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 225 டெனாரியஸ். மத்தேயு நற்செய்தியில் திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையில் போய்க் கூலியாட்களைப் பேசி வருகிறாரே, அந்தக் கூலி நாளுக்கு ஒரு டெனாரியஸ். ஆங்கிலத்தில் 1611-இல் வந்த மொழிபெயர்ப்பு இதைப் ‘பென்னி’ என்றது. கணக்குப் புத்தகத்தில் டெனாரியஸும் பென்னியும் ஒரே ‘டி’ என்பதால் மொழிபெயர்த்தவர்களுக்குத் தயக்கமே இருந்திருக்காது. விளைவு, பின்னாளில் படித்தவர்களுக்கு அந்தத் தோட்டக்காரர் மகா கஞ்சராகத் தெரிந்தார். பழைய தமிழ் வேதாகமம் ‘நாளொன்றுக்கு ஒரு பணம்’ என்கிறது. இப்போது கத்தோலிக்கர் வாசிக்கும் தமிழ் திருவிவிலியம் ‘தெனாரியம்’ என்று மூலத்துக்கே போய்விட்டது. எனக்குப் பழையதே மேல் என்று படுகிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

காசுக்கு வந்த சோதனை வெள்ளியில் தொடங்கியது. கி.பி. 64-இல் நீரோ மன்னன் எடையையும் குறைத்தான், வெள்ளியின் தரத்தையும் குறைத்தான். அடுத்து வந்தவர்களில் பலர் அதே வழியில் போனார்கள். மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் காசில் பாதிதான் வெள்ளி. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் டெனாரியஸ் அடிப்பதே நின்றுபோனது. அப்போது புழங்கிய ரோமானிய ‘வெள்ளி’க்காசுகள் பெரும்பாலும் மேலே வெள்ளிப்பூச்சு பூசிய செம்பு.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கி.பி. 301-இல் டயோக்ளீஷியன் பேரரசர் விலைவாசியைக் கட்டுப்படுத்த ஒரு நீண்ட ஆணை போட்டார். கோதுமை, செருப்பு, முடிவெட்டும் கூலி, வாத்தியார் சம்பளம் என்று ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றுக்கு உச்சவிலை. கல்லில் வெட்டி ஊர் ஊராக வைத்தார்கள். துண்டுகள் இன்றும் கிடைக்கின்றன. எல்லா விலையும் டெனாரியஸில்! அப்படி ஒரு காசு அப்போது அச்சாகவே இல்லை. நற்செய்தியில் நாளுக்கு ஒரு டெனாரியஸ் வாங்கிய விவசாயக் கூலிக்கு, இந்த ஆணைப்படி சாப்பாடு போக 25 டெனாரியஸ். ஆக, கையில் பிடிக்க முடியாத ஒன்று கணக்கில் மட்டும் உயிரோடு இருந்தது.

இந்தச் சொல்லைக் காப்பாற்றியது அக்கசாலைகள் அல்ல, கணக்கர்கள்தான் என்பது என் கட்சி. மன்னர்கள் காசைக் கெடுக்கலாம், உருக்கலாம், வேறு பெயர் வைக்கலாம். கடன் பத்திரத்திலும் வரிப் புத்தகத்திலும் எழுதி வைத்த அலகை அப்படிச் சட்டென்று மாற்றிவிட முடியாது. மாற்றினால் பழைய பாக்கியை எப்படி வசூலிப்பது?

அடுத்த பெரிய திருப்பம் மேற்கு ஐரோப்பாவை ஆண்ட ஃபிராங்கிய மன்னர் சார்லிமேன் காலம். 790-களில் அவர் நாணயத்தைச் சீர்செய்தபோது ஒரு பவுண்டு வெள்ளியில் 240 டெனாரியஸ் என்று வைத்தார். 12 டெனாரியஸ் ஒரு சொலிடஸ், 20 சொலிடஸ் ஒரு லிப்ரா. இதில் வேடிக்கை, உண்மையில் அடிக்கப்பட்டது டெனாரியஸ் மட்டும்தான். சொலிடஸும் லிப்ராவும் வெறும் எண்ணிக்கைப் பெயர்கள், நாம் டஜன், குரோசு என்று சொல்வதைப் போல. ரோமில் கணக்கில் மட்டும் வாழ்ந்த டெனாரியஸ் இங்கே காசாக எழுந்துவிட்டது. ஒருகாலத்தில் தங்கக் காசாக இருந்த சொலிடஸ் கணக்குக்குள் போய்விட்டது.

இந்த மூன்றடுக்கு ஐரோப்பா முழுக்கப் பரவியது. பிரான்சில் லீவ்ர், சூ, டெனியே. இத்தாலியில் லீரா, சோல்தோ, தெனாரோ. ஸ்பெயின் பக்கம் லிப்ரா, சுவெல்தோ, தினெரோ. ஜெர்மானிய மொழிக்காரர்கள் கடைசி இரண்டுக்குத் தங்கள் சொந்தச் சொற்களான ஷில்லிங், பென்னி வகையைச் சொன்னார்கள். எழுதும்போது மட்டும் லத்தீன் எழுத்தைப் போட்டார்கள். இங்கிலாந்தின் ‘டி’ வந்த வழி இது.

பிறகுதான் ஒவ்வொரு நாட்டிலும் சொல் தனித்தனியாகப் பிரிகிறது. பிரான்சில் டெனியே வெள்ளியிலிருந்து நழுவி நழுவிக் கடைசியில் செம்புக்காசாகி, புரட்சிக்குப் பின் ஃபிராங்க் வந்தபோது மறைந்தது. பணம் என்பதற்குப் பொதுச்சொல்லாக அங்கே ‘அர்ஷான்’ நிலைபெற்றது. அதன் பொருள் வெள்ளி. அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டதால் டெனியே சில்லறைக் காசாகவே உறைந்துபோனது என்று நினைக்கிறேன். ஆனாலும் கெட்டியான தொடர்களுக்குள் அது பத்திரமாக இருக்கிறது. அரசுப் பணத்தைச் சட்டமொழியில் ‘பொது டெனியே’ என்பார்கள். கத்தோலிக்கர்கள் ஆண்டுதோறும் தங்கள் மறைமாவட்டத்துக்குக் கொடுக்கும் காணிக்கை ‘திருச்சபையின் டெனியே’. 1905-இல் அரசும் திருச்சபையும் பிரிந்து குருக்களின் அரசுச் சம்பளம் நின்றபின் வந்த ஏற்பாடு. பேரம் முடிந்ததும் கையில் வைக்கும் அச்சாரத்துக்குப் ‘கடவுளுக்கு டெனியே’ என்று பெயர் இருந்தது. வட்டியைக்கூட இதில்தான் சொன்னார்கள்: ‘இருபதாம் டெனியே’ என்றால் இருபதுக்கு ஒன்று, அதாவது நூற்றுக்கு ஐந்து. வெள்ளியின் மாற்றைக் குறிக்கவும் இதே சொல். பன்னிரண்டு டெனியே வெள்ளி என்றால் சுத்த வெள்ளி, தங்கத்துக்கு 24 காரட் மாதிரி.

ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நேர்மாறு. மத்திய காலக் காஸ்டீல் நாட்டில் தினெரோ என்பது வெள்ளி குறைந்த, மதிப்பும் குறைந்த ஒரு காசுதான். சந்தையில் எல்லார் கையிலும் புரண்டதால் அந்தப் பெயரே மொத்தப் பணத்துக்கும் ஆகிவந்தது. காசு போனது, தினெரோ தங்கியது. போர்ச்சுகீசில் தின்யேரு, கேட்டலன் மொழியில் தினேர்ஸ். ஐரோப்பாவின் அந்தக் கோடியில் ஸ்லொவேனிய மொழியிலும் பணத்துக்கு ‘தெனார்’ என்றே பெயர். லத்தீன் அமெரிக்காவில் தெருப் பேச்சில் ‘பிளாத்தா’, அதாவது வெள்ளி, தினெரோவை ஓரங்கட்டிவிட்டது. பெரு நாடு மட்டும் 1863-இல் ஒரு வேலை செய்தது: சோல் என்ற தன் நாணயத்தைப் பத்தாகப் பிரித்து, ஒரு பங்குக்குத் தினெரோ என்று பெயரிட்டது. பத்து என்ற பழைய பொருள் இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின், பசிபிக் கரையில் வந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. யோசித்துச் செய்தார்களா, தானாக அமைந்ததா, எப்படியானாலும் அழகு.

இத்தாலியில் இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை. ‘தெனாரோ’ பணம்தான், ஆனால் பத்திரிகையும் வக்கீலும் பேசும் சொல். வீட்டில், கடையில் ‘சோல்தி’ என்பார்கள். அது சொலிடஸின் பேரப்பிள்ளை. கான்ஸ்டன்டைன் பேரரசர் அடித்த தங்க சொலிடஸ் இத்தாலியத் தெருவில் சில்லறைப் பெயராக இறங்கியிருக்கிறது. சம்பளத்துக்குச் சண்டை போடுபவன் என்ற பொருளில் ‘சோல்ஜர்’ வந்ததும் அதிலிருந்துதான். தெனாரோ இத்தாலியச் சீட்டுக்கட்டிலும் இருக்கிறது. அங்கே நான்கு வகை: கிண்ணம், வாள், தடி, நான்காவது ‘தெனாரி’ எனப்படும் காசு.

சொலிடஸ் இறங்கியது என்றால் டெனாரியஸ் கிழக்கே ஏறியது. ரோமானியர் தங்கக் காசை ‘டெனாரியஸ் அவுரேயுஸ்’, அதாவது தங்க டெனாரியஸ் என்றும் சொன்னார்கள். வெள்ளி டெனாரியஸ் செத்தபின் கிழக்கு மாகாணங்களில் மிஞ்சியது தங்கத்தின் மேல் இருந்த பெயர். கிரேக்கத்தில் தெனாரியோன், அங்கிருந்து அரமேயம் வழியே அரபியில் தீனார். குர்ஆனின் மூன்றாம் அத்தியாயத்திலேயே, ஒரு தீனாரை நம்பிக் கொடுத்தாலும் திருப்பித் தராதவர்களைப் பற்றிய பேச்சு வருகிறது. அப்போது அரேபியாவில் புழங்கியது பைசாந்தியத்தின் தங்க சொலிடஸ்; அதைத்தான் தீனார் என்றார்கள். ஹிஜ்ரி 77-இல், அதாவது 696-97-இல், கலீபா அப்துல் மலிக் உருவமில்லாத, எழுத்து மட்டும் கொண்ட தங்கத் தீனாரை அடித்தார். எடை 4.25 கிராம்.

அந்தத் தீனார் ஐரோப்பாவுக்கு எப்படித் திரும்பிப் போனது என்பதற்கு லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு காசு இருக்கிறது. இங்கிலாந்தின் மெர்சியா நாட்டு மன்னன் ஆஃபா அடித்தது. ஹிஜ்ரி 157-இல் (773-74) அப்பாசிய கலீபா அல் மன்சூர் வெளியிட்ட தீனாரைப் பார்த்து அப்படியே செய்திருக்கிறார்கள். கலிமா இருக்கிறது, ‘இந்தத் தீனார் 157ஆம் ஆண்டு அடிக்கப்பட்டது’ என்ற வரி இருக்கிறது, நடுவே லத்தீன் எழுத்தில் ‘ஆஃபா ரெக்ஸ்’, மன்னன் ஆஃபா. அரபி வரிகளை நேராகப் பிடித்தால் ஆஃபாவின் பெயர் தலைகீழாக நிற்கும். அரபி எழுத்தும் அங்கங்கே தடுமாறுகிறது. செதுக்கிய தட்டானுக்கு அரபி ஓர் எழுத்துகூடத் தெரியாது என்பது பார்த்தாலே புரியும். இதே ஆஃபாதான் இங்கிலாந்தின் வெள்ளிப் பென்னிக்குச் சரியான வடிவம் கொடுத்தவன். அதாவது, ஒரே அரசன் மேற்கிலிருந்து வந்த டெனாரியஸை வெள்ளியிலும், கிழக்கிலிருந்து வந்த டெனாரியஸைத் தங்கத்திலும் அடித்திருக்கிறான். இரண்டும் ஒரே சொல் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இன்று தீனார் என்ற பெயரில் பணம் வைத்திருக்கும் நாடுகள் குவைத், பஹ்ரைன், ஜோர்டான், இராக், அல்ஜீரியா, துனிசியா, லிபியா, செர்பியா. வட மாசிடோனியாவில் தெனார். அதன் சில்லறைக்குத் ‘தெனி’ என்று பெயர். 1990-களில் புது நாடு தனக்கொரு நாணயம் தேடியபோது, பப்பத்து என்ற அந்த மூலச்சொல்லின் சாயலிலேயே ஒரு பெயர் அமைந்துவிட்டது, நூறு தெனி ஒரு தெனார் என்றாலும்கூட. உலகத்தில் மதிப்பு மிக்க நாணயம் என்று குவைத் தீனாரைச் சொல்கிறார்கள். 1961-இல் அது வரும்வரை குவைத்தில் ஓடியது நம் ரிசர்வ் வங்கி அடித்துக்கொடுத்த ரூபாய். மறுகோடியில் யூகோஸ்லாவியா: 1993-இல் அங்கே 50,000 கோடி தீனார் என்று ஒரே நோட்டு அச்சிட்டார்கள். அதைக் கொண்டு பெரிதாக ஒன்றும் வாங்க முடியவில்லை.

சொல் இந்தியாவுக்கும் வந்தது. இரண்டாம் சந்திரகுப்தன் காலத்துச் சாஞ்சிக் கல்வெட்டில் 25 தீனாரம் கொடையாகக் கொடுத்த செய்தி இருக்கிறது. குப்தர்களின் தங்கக் காசுக்கு அதுதான் பெயர். தெற்கே நிலைமை வேறு. இங்கே காசே நேராக வந்து இறங்கியது. கரூர், பொள்ளாச்சி, புதிநத்தம் என்று கொங்கு நாட்டில் புதையல் புதையலாக டெனாரியஸ் கிடைத்திருக்கிறது. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. நீரோ வெள்ளியைக் குறைத்த பிறகு அடித்தவை அரிது. கலப்படக் காசை வாங்க இங்கிருந்த வணிகர்கள் விரும்பவில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ‘வரிக்காசைக் காட்டுங்கள்’ என்று இயேசு கேட்டபோது நீட்டிய டெனாரியஸ் டைபீரியஸ் காசு என்றும், பின்புறம் ஒரு பெண் அமர்ந்திருக்கும் வகை என்றும் நாணய ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். கொங்கு மண்ணில் கிடைத்தவற்றில் அந்த வகை நிறைய.

இலங்கையைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்த ஒரு கதை இதோடு சேரும். அன்னியஸ் புளோக்காமஸ் என்பவர் செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவருடைய ஆள் ஒருவன் அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் போகும்போது காற்று அடித்துக்கொண்டுபோய் அவனைத் தப்ரபேனில் சேர்த்தது. தப்ரபேன் என்பது இலங்கை. மன்னன் அவனை ஆறு மாதம் வைத்துப் பராமரித்தான். அவனும் உள்ளூர் மொழியைக் கற்றுக்கொண்டான். அவனிடமிருந்த டெனாரியஸ்களை வாங்கிப் பார்த்த மன்னனுக்கு ஆச்சரியம். காசில் இருந்த தலைகள் வேறு வேறு, எடையோ ஒன்று. அரசன் மாறியும் எடையில் கைவைக்காத ஊர் நேர்மையான ஊராகத்தான் இருக்கும் என்று ரோமுக்கு நான்கு தூதர்களை அனுப்பினானாம். இது கிளாடியஸ் பேரரசர் காலம். கிளாடியஸுக்கு அடுத்து வந்தவன்தான் அந்த நீரோ.

சங்கப் பாடல்கள் இந்தக் காசின் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. முசிறிக்கு யவனர் கப்பல் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று அகநானூறு சொல்லும்போது பொன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆனால் ஸ்பானியர் தினெரோவை வைத்துச் செய்ததைத் தமிழும் தன் சொற்களை வைத்துச் செய்திருக்கிறது. பணம் என்பது ஒருகாலத்தில் பொட்டு அளவு சின்னப் பொற்காசு. ஐரோப்பிய வணிகர்கள் ‘ஃபனம்’ என்று எழுதியது அதைத்தான். துட்டு டச்சுக்காரர்களின் ‘டோய்ட்’ என்ற செப்புக்காசு. இலங்கைப் பேச்சில் வரும் சல்லியும் சிறுகாசுதான். மூன்றும் இன்று மொத்தப் பணத்துக்கும் பெயர். பழைய வேதாகமத்தின் ‘ஒரு பணம்’ மேல் என்று சொன்னது இதனால்: அன்று அது ஒரு காசின் பெயராகவும் ஒலித்தது, கூலியாகவும் ஒலித்தது.

டெனாரியஸின் பெயர் தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் புழக்கத்துக்கு வந்தது மிகவும் பிந்தி, அதுவும் காசாக அல்ல. பிரான்சில் டெனியே ஓர் எடையும்கூட, ஏறக்குறைய 1.27 கிராம். பட்டு வணிகத்தில் குறிப்பிட்ட நீள நூலை எடுத்து அது எத்தனை டெனியே நிற்கிறது என்று பார்த்து நூலின் பருமனைச் சொன்னார்கள். பின்னாளில் கணக்கை ஒழுங்குபடுத்தி, 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர் என்று வைத்தார்கள். கச்சாப் பட்டில் ‘20/22 டெனியர்’ என்று கேட்பது இதுதான். பட்டுப்புழு கக்கும் இழை தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே கனத்தில் இருக்காது, முடிவில் மெலியும். பல கூடுகளின் இழைகளைச் சேர்த்து நூற்கும்போது கனம் கொஞ்சம் முன்பின் ஆகும். அதனால்தான் ஒரே எண்ணாகச் சொல்லாமல் இருபதுக்கும் இருபத்திரண்டுக்கும் இடையே என்கிறார்கள். பாலியெஸ்டர், நைலான், கொசுவலை எல்லாவற்றுக்கும் இதே அளவைதான். சர்வதேசத் தர அமைப்புகள் இதற்குப் பதிலாக ‘டெக்ஸ்’ என்ற அலகைக் கொண்டுவந்தன, 1,000 மீட்டருக்கு இத்தனை கிராம் என்று. 9 டெனியர் 1 டெக்ஸ். கணக்குப் போட டெக்ஸ் எளிது. பட்டு வியாபாரிகள் டெனியரை விடவில்லை.